நம் நாடாளுமன்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். பிரிவு எண்களைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். "சரி, உங்கள் ஊர் எம்.பி. டெல்லியில் என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருவர் ரோடு, குடிநீர், சாக்கடை என்று இழுப்பார். அதெல்லாம் பெரும்பாலும் உள்ளாட்சியின் வேலை. அரசைக் கேள்வி கேட்பது, அது கேட்கும் பணத்துக்குச் சம்மதிப்பதா என்று முடிவு செய்வது, தேவைப்பட்டால் அரசையே வீட்டுக்கு அனுப்புவது, இவைதான் எம்.பி.யின் வேலை. இந்த அதிகாரங்கள் காகிதத்தில் எப்படி இருக்கின்றன, நடைமுறையில் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதை, என்னிடம் பல வருடங்களாகக் கேட்கப்பட்ட கேள்விகளை வைத்தே எழுதியிருக்கிறேன்.

நாடாளுமன்றம் என்றால் மக்களவை, மாநிலங்களவை இரண்டும்தானே?

குடியரசுத் தலைவரும் சேர்த்தி. 79ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அவர் எந்த அவைக்கும் உறுப்பினர் இல்லை. ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் எந்த மசோதாவும் சட்டமாகாது. அவைகளைக் கூட்டுவதும் மக்களவையைக் கலைப்பதும் அவர் பெயரில்தான் நடக்கும், அமைச்சரவையின் ஆலோசனைப்படி. தேர்வு எழுதுபவர்கள் வருடா வருடம் தவறவிடும் ஒரு மதிப்பெண் இது.

மொத்தம் எத்தனை எம்.பி.க்கள்? அதில் நம் பங்கு எவ்வளவு?

மக்களவையில் 543, மாநிலங்களவையில் 245. தமிழ்நாட்டுக்கு முறையே 39, 18. புதுச்சேரிக்கு இரண்டிலும் ஒவ்வொன்று. மக்களவைக்கு 25 வயதும் மாநிலங்களவைக்கு 30 வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஆங்கிலோ இந்தியர்களுக்காக மக்களவையில் இருந்த இரண்டு நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு போய்விட்டன.

அந்த 39க்கு ஒரு கதை உண்டு. 1962 தேர்தலில் நமக்கு 41 இடங்கள் இருந்தன. 1967இல் 39 ஆயின. மற்ற மாநிலங்களின் மக்கள்தொகை நம்மைவிட வேகமாக வளர்ந்ததால் பங்கு குறைந்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் இடத்தை இழக்கிறதே என்ற கவலை அப்போதிலிருந்தே இருக்கிறது. 1976இல் 42ஆவது திருத்தம், 1971 கணக்கெடுப்பின்படியே எண்ணிக்கை இருக்கட்டும் என்று உறைய வைத்தது. 2001இல் அதை 84ஆவது திருத்தம் மீண்டும் நீட்டித்தது, 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை. மக்கள்தொகைப்படி தொகுதிகளைப் புதிதாகப் பிரிக்கும் தொகுதி மறுவரையறை என்றதும் தமிழ்நாட்டில் கட்சி பேதம் இல்லாமல் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவது இதனால்தான். 2023 மே மாதம் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தின் மக்களவைக் கூடத்தில் 888 இருக்கைகள் போட்டிருக்கிறார்கள் என்பதையும் நம்மவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டார்கள்.

மாநிலங்களவை எம்.பி.க்கு நாம் ஓட்டுப் போட்டதே இல்லையே, அவரை யார் அனுப்புகிறார்கள்?

நீங்கள் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்கள். தமிழ்நாட்டின் 18 இடங்களும் ஆறு ஆறாகக் காலியாகும். 234 எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட, ஆறு இடங்களை நிரப்பும்போது ஓர் இடத்துக்கு 34 ஓட்டுகள் வேண்டும். சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை 34 இருக்கிறது என்று எண்ணினால் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பல தடவை போட்டியே இல்லாமல் முடிந்துவிடும்.

2003இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு இதில் ரகசிய வாக்கெடுப்பு கிடையாது. எம்.எல்.ஏ. தன் ஓட்டைக் கட்சியின் முகவரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போதே போயிற்று. அதற்கு முன்பும் அது பெயரளவில்தான் இருந்தது. பஞ்சாபியான மன்மோகன் சிங் அசாம் முகவரியில்தான் உறுப்பினரானார்.

இதுபோக 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். கலை, இலக்கியம், அறிவியல், சமூக சேவை இவற்றில் பெயர் பெற்றவர்கள். 2022இல் இளையராஜா போனது இந்த வழியில்தான்.

மாநிலங்களவையைக் கலைக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள்.

இரண்டில் எது பெரிய அவை?

விஷயத்தைப் பொறுத்தது. பணம் என்று வந்தால் மக்களவைதான் எல்லாம். வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாவை மாநிலங்களவை 14 நாட்கள் வைத்துக்கொண்டு பரிந்துரை சொல்லலாம், அவ்வளவே. அந்தப் பரிந்துரையை மக்களவை தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். எது பண மசோதா என்று முடிவு செய்வது சபாநாயகர். சிக்கல் அங்கேதான் முளைக்கிறது. 2016இல் ஆதார் சட்டத்தைப் பண மசோதாவாகக் கொண்டுவந்தார்கள், அப்போது மாநிலங்களவையில் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். நீதிபதி சந்திரசூட் மட்டும் இது அரசியலமைப்பை ஏமாற்றும் வேலை என்று மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். எனக்கு அவர் சொன்னதுதான் சரியாகப் படுகிறது.

சாதாரண மசோதாவில் இரண்டு அவைகளும் முட்டிக்கொண்டால் கூட்டுக் கூட்டம் நடத்தி, தலைகளை எண்ணிவிடலாம். இதுவரை மூன்றே மூன்று சட்டங்களுக்கு அப்படி நடந்திருக்கிறது. 1961இல் வரதட்சிணைத் தடை, 1978இல் வங்கிப் பணி ஆணையச் சட்டத்தை நீக்கியது, 2002இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா. மக்களவையின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் அங்கே யார் ஜெயிப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது. இரண்டு அவைகளும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு தர வேண்டும். 1970இல் முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மன்னர் மானியத்தை ஒழிக்க இந்திரா காந்தி கொண்டுவந்த திருத்தம் மக்களவையில் எளிதாகத் தாண்டிவிட்டது. மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224இல் மூன்றில் இரண்டு பங்கு 149.33. அதாவது மூன்றில் ஒரு பங்கு ஓட்டில் தோற்றது! மறுவருடம் தேர்தலில் பெரும் வெற்றி பெற்று வந்த பிறகுதான் 26ஆவது திருத்தமாக அதை நிறைவேற்ற முடிந்தது. மேல்சபை வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

மாநிலங்களே சட்டம் இயற்றும் விஷயங்கள் அடங்கிய மாநிலப் பட்டியலில் உள்ள ஒன்றில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று அனுமதி தருவதும், ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போல் புதிய அகில இந்தியப் பணியை உருவாக்கத் தீர்மானம் போடுவதும் மாநிலங்களவைக்கு மட்டுமே உள்ள அதிகாரங்கள்.

ஒரு மசோதா எப்படிச் சட்டமாகிறது?

அறிமுகம், விவாதம், ஒவ்வொரு ஷரத்தாக வாக்கெடுப்பு, முழு மசோதாவுக்கும் வாக்கெடுப்பு. அப்புறம் அடுத்த அவையில் இதே வரிசை. கடைசியாகக் குடியரசுத் தலைவர். அவர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மறுபடியும் நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். ஆனால் எத்தனை நாளுக்குள் என்று அரசியலமைப்பு சொல்லவில்லை. 1986இல் தபால்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு வழிவிடும் அஞ்சல் மசோதாவை அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் வைத்துக்கொண்டார். அது சட்டமாகவே இல்லை.

பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் போகின்றன. "ஆம் என்போர் ஆம் என்க" என்பார் அவைத் தலைவர், எந்தப் பக்கம் சத்தம் பலம் என்று அவரே தீர்மானிப்பார். 2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் இப்படித்தான் நிறைவேறின. தலை எண்ணி வாக்கெடுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டது நடக்கவில்லை. அடுத்த ஆண்டு நவம்பர் 29 அன்று அதே சட்டங்களை விவாதமே இல்லாமல், ஒரே நாளில், இரண்டு அவைகளும் ரத்து செய்தன. வந்த வேகத்திலேயே போயின.

அமைச்சர் இல்லாத ஒரு சாதாரண எம்.பி. சட்டம் கொண்டுவர முடியுமா?

முடியும். வெள்ளிக்கிழமை பிற்பகல் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் தனிநபர் மசோதா ஒன்று இரண்டு அவைகளையும் தாண்டிச் சட்டமானது கடைசியாக 1970இல்.

அதனால்தான் 2015 ஏப்ரல் 24 முக்கியமான நாள். திருநர்களின் உரிமைக்காகத் தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை அன்று நிறைவேற்றியது. 45 ஆண்டுகளில் ஓர் அவை தனிநபர் மசோதாவை நிறைவேற்றியது அதுவே முதல் தடவை. மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு தன் சொந்த மசோதாவைத் தயாரித்து 2019இல் சட்டமாக்கியது. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் என்று திருநர் அமைப்புகள் குறைபட்டுக்கொண்டன. ஆனாலும் அந்தப் பேச்சை டெல்லியில் தொடங்கி வைத்தது ஒரு தனி எம்.பி.யின் காகிதம்தான்.

பட்ஜெட்டை நாடாளுமன்றம் மாற்ற முடியுமா?

சட்டப்படி முடியும். அரசின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவும் நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும். சட்டம் இல்லாமல் ஒரு ரூபாய் வரியும் போட முடியாது. பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் வாசித்த பிறகு ஒவ்வோர் அமைச்சகமும் தன் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையோடு மக்களவையில் நிற்க வேண்டும். பிடிக்காத எம்.பி. வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். உன் கொள்கையே தப்பு என்று சொல்ல விரும்பினால், "இந்தக் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறை" என்று கேட்பார். குறிப்பிட்ட ஒரு குறையைச் சொல்ல நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்வார். ஒரு வெட்டுத் தீர்மானம் ஜெயித்தாலே அரசு பெரும்பான்மையை இழந்துவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

நடைமுறையில் நான்கைந்து அமைச்சகங்களைப் பற்றிப் பேசுவதற்குள் நேரம் முடிந்துவிடும். மிச்சத்தையெல்லாம் மொத்தமாக ஒரே வாக்கெடுப்பில் தள்ளிவிடுவார்கள். இதற்கு கில்லட்டின் என்று பெயர். தலை வெட்டும் இயந்திரத்தின் பெயரைப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான கோரிக்கைகள் அமளிக்கு நடுவே விவாதம் எதுவும் இல்லாமல் மக்களவையில் நிறைவேறின.

கேள்வி நேரத்தால் உண்மையிலேயே ஏதாவது நடக்குமா?

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மக்களவையில் காலை 11 மணிக்கும் மாநிலங்களவையில் பகல் 12 மணிக்கும் கேள்வி நேரம். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அதன்மேல் துணைக் கேள்விகளும் வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள் பட்டியலாகும். எந்தெந்தக் கேள்வி என்பது குலுக்கலில் முடிவாகும். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அது ஒரு நாளைக்கு 230 வரை. குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். கேள்வி நேரம் முடிந்ததும் மக்களவையில் வருவது, அவசர விஷயங்களை எழுப்பும் நேரமில்லா நேரம். விதிப் புத்தகத்தில் இந்தப் பெயரே கிடையாது, நாம் உண்டாக்கிக்கொண்ட வழக்கம்.

இதன் பலத்துக்கு ஓர் உதாரணம் போதும். 1957இல் எல்.ஐ.சி. தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. முந்த்ரா என்ற தொழிலதிபரின் தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயை அது போட்டது. முதலீட்டுக் குழுவை முறையாகக் கேட்கவில்லை. இதை மக்களவையில் கிளறியவர் ஃபெரோஸ் காந்தி. ஆளும் காங்கிரஸ் எம்.பி., பிரதமர் நேருவின் மருமகன்! நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் சென்னைக்காரர். முதலில் சொன்ன பதில் நிற்கவில்லை. நீதிபதி சக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார்.

மாமனாரின் அரசை மருமகன் சபையில் வைத்துக் குடைந்தார். இன்று அப்படி ஓர் ஆளுங்கட்சி எம்.பி.யைக் கற்பனை செய்து பாருங்கள். அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்குமா?

கொறடா உத்தரவை மீறினால் என்ன ஆகும்?

பதவி போகும். எந்தப் பக்கம் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சியின் கொறடா தன் எம்.பி.க்களுக்கு இடும் கட்டளைதான் இந்த உத்தரவு. 1985இல் வந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், கட்சி சொன்னதற்கு எதிராக ஓட்டுப் போட்டாலோ வராமல் இருந்தாலோ தகுதி நீக்கம் என்கிறது. கட்சி 15 நாட்களுக்குள் மன்னித்துவிட்டால் தப்பிக்கலாம். முன்பெல்லாம் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் அது "பிளவு" என்று விட்டுவிடுவார்கள். 2003இல் அந்தக் கதவையும் மூடிவிட்டார்கள். இன்னொரு கட்சியோடு இணையும்போது மூன்றில் இரண்டு பங்கினர் ஒத்துக்கொண்டால் மட்டும் விலக்கு.

காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று தாவிய காலத்துக்கு இது தேவையான மருந்துதான். ஆனால் அரசு கவிழுமா என்ற ஓட்டுக்கும், ஏதோ ஒரு சாதாரண மசோதா மீதான ஓட்டுக்கும் ஒரே தண்டனை என்பது அதிகம். உங்கள் தொகுதி எம்.பி. ஒரு மசோதா தன் ஊருக்குக் கெடுதல் என்று நினைத்தாலும், கொறடா சொன்ன பக்கம்தான் கை தூக்க வேண்டும். நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் பட்ஜெட்டுக்கும் மட்டும் கொறடா உத்தரவு போதும் என்பது என் கருத்து.

ஓர் அரசை நாடாளுமன்றம் எப்படி வீட்டுக்கு அனுப்பும்?

மக்களவை மட்டும்தான் அனுப்ப முடியும். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள 50 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். முதல் தீர்மானம் 1963இல் நேருவுக்கு எதிராக ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்தது. தோற்றது. அதற்குப் பின் வந்தவையும் ஓட்டெடுப்பில் ஜெயித்ததில்லை. 1979இல் மொரார்ஜி தேசாய் மட்டும் ஓட்டெடுப்புக்கு முன்பே விலகிவிட்டார்.

விழுந்த அரசுகள் தாங்களே கேட்ட நம்பிக்கை வாக்கெடுப்பில் விழுந்தவை. 1990இல் வி.பி. சிங், 1997இல் தேவ கவுடா. எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது 1999 ஏப்ரல் 17. ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு வாஜ்பாய் நம்பிக்கை கோரினார். 269க்கு 270. ஒரே ஓட்டு. ஒடிசா முதல்வராகப் பதவியேற்றும் எம்.பி. பதவியை இன்னும் விடாமல் இருந்த கிரிதர் கமாங் வந்து ஓட்டுப் போட்டது அன்று பெரிய சர்ச்சை.

சபாநாயகர் யார் பக்கம்?

எந்தப் பக்கமும் இருக்கக் கூடாது என்பது மரபு. ஆனால் அவர் ஆளுங்கட்சிக்காரராகத்தான் பெரும்பாலும் இருப்பார். கட்சியை விட்டு விலகவும் தேவையில்லை. பண மசோதா சான்று, கட்சித் தாவல் வழக்கு, யாருக்குப் பேச மைக், எல்லாம் அவர் கையில். துணை சபாநாயகர் பதவியை எதிர்த்தரப்புக்குத் தருவது ஒரு பழக்கம். 2014 முதல் 2019 வரை அதில் இருந்தவர் அ.தி.மு.க.வின் தம்பிதுரை. அடுத்த மக்களவையின் ஐந்து ஆண்டுகளும் அந்த நாற்காலி காலி. "கூடிய விரைவில்" தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஐந்து வருடம் எந்த ஊர்க் கணக்கில் கூடிய விரைவு?

2023 டிசம்பரில் இரண்டு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி எம்.பி.க்கள் இடைநீக்கம் ஆனார்கள். அதே கூட்டத்தொடரில்தான் இந்திய தண்டனைச் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்களுக்குப் பதிலாக வந்த மூன்று குற்றவியல் மசோதாக்கள் நிறைவேறின.

குழுக்கள் என்று அடிக்கடி செய்தியில் வருகிறதே, அவை எதற்கு?

கேமரா இல்லாத இடத்தில் வேலை நடப்பதற்கு. அமைச்சகங்களைக் கவனிக்க 24 நிலைக்குழுக்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கலாம். தணிக்கை அறிக்கைகளைப் பார்க்கும் பொதுக் கணக்குக் குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர்தான் தலைவர். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் மசோதாவில் உள்ள ஓட்டை அங்கேதான் தெரியவரும். 15ஆவது மக்களவையில் பத்தில் ஏழு மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17ஆவதில் ஆறில் ஒன்றுதான் போயிற்று.

நாடாளுமன்றம் நினைத்தால் எதையும் செய்ய முடியுமா?

மாநிலங்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய எதையும். மூன்றாவது பிரிவின்படி ஒரு மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் சாதாரணப் பெரும்பான்மையிலேயே மாற்றலாம். சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், கேட்டால் போதும், ஏற்க வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் ஆந்திர சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் தெலங்கானாவை உருவாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. நம் மாநிலத்தின் பெயரும் இதே வழியில் வந்ததுதான். 1967 ஜூலை 18 அன்று அண்ணா சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றினார். நாடாளுமன்றம் 1968இல் சட்டம் இயற்றியது. 1969 ஜனவரி 14, பொங்கலன்று, சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. அதற்குச் சில வருடம் முன்பு இதே கோரிக்கையோடு மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து தோற்றவர் பூபேஷ் குப்தா என்ற வங்காளக் கம்யூனிஸ்ட். அதை ஆதரித்துப் பேசியவர்களில் அண்ணாவும் ஒருவர்.

அரசியலமைப்பைப் பொறுத்தவரை ஒரு வேலி இருக்கிறது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள், 7க்கு 6 என்ற கணக்கில், திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்றார்கள்.

நீதிபதிகளை நீக்கும் அதிகாரமும் உண்டா?

உண்டு, ஆனால் படு கடினம். 1993இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானம் மக்களவைக்கு வந்தது. அவர் தமிழ்நாட்டுக்காரர். ஆதரவு 196, எதிர்ப்பு பூஜ்யம். இருந்தும் தோற்றது. காங்கிரஸும் அதன் கூட்டாளிகளும், 205 பேர், ஓட்டே போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்ற விதி அவரைக் காப்பாற்றியது.

சபையில் என்ன பேசினாலும் வழக்குப் போட முடியாதாமே?

ஆம், 105ஆவது பிரிவு. அவைத் தலைவர் மட்டும் குறிப்பிலிருந்து நீக்கலாம். ஆனால் பேசவோ ஓட்டுப் போடவோ லஞ்சம் வாங்கினால் பாதுகாப்பு இல்லை என்று 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 1998இல் இதே நீதிமன்றம் அதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தது.

தமிழில் பேசலாமா?

தாராளமாக. உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு.

சரி, என் எம்.பி.யை நான் எப்படிக் கவனிப்பது?

இரண்டு அவைகளின் இணையதளங்களிலும் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். என்னென்ன கேள்வி கேட்டார், எந்த விவாதத்தில் பேசினார் என்பதோடு அமைச்சர்கள் தந்த பதில்களும் வரும். ஆண்டுக்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதியில் பேருந்து நிழற்குடை கட்டினாரா என்று மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். உங்கள் ஊர் ரயில் பாதையோ மருத்துவமனையோ எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஒரு தாளில் தெளிவாக எழுதி, நட்சத்திரமில்லாக் கேள்வியாகப் போடச் சொல்லி அவர் அலுவலகத்தில் கொடுங்கள். எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, எந்தத் தேதிக்குள் முடியும் என்று எண்ணாகக் கேளுங்கள். "நடவடிக்கை எடுக்கப்படுமா" என்று கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரி வரும்.